மாறாத நாள்: பால்டிக் கரையில் வளையமிடுவோர்

எண்ணியவர் யார்?

பறவைகள் குறைந்து வருகின்றன என்னும் செய்தி நாளிதழ்களில் அடிக்கடி இடம்பெறுகிறது. இன்ன இனம் 40 ஆண்டுகளில் பாதியாகிவிட்டது, இன்ன இனம் முன்பைவிடச் சில நாட்கள் முன்னதாகவே வடக்கே திரும்பிவிடுகிறது என்றெல்லாம் ஆய்வாளர்கள் கூறுவதைப் படிக்கும் எவருக்கும், இவற்றை எண்ணியது யார், எப்படி எண்ணினார்கள் என்னும் ஐயம் எழுவது இயல்பே. யானைகளை நீர்நிலையருகே காத்திருந்து எண்ணலாம். புலிகளை, மரத்தில் கட்டிய தானியங்கி ஒளிப்படக் கருவியில் பதியும் வரிகளைக் கொண்டு தனித்தனியே அடையாளம் காணலாம். ஆனால் 6 கிராம் எடையுள்ள ஒரு குருவி நள்ளிரவில் கடலின் மேல் பறந்து செல்லும்போது அதைப் பார்ப்பவர் எவருமில்லை. ஐரோப்பாவின் வடபகுதிக் காடுகளில் கூடுகட்டும் சிறு பறவைகளில் பெரும்பாலானவை இப்படி இரவில்தான் தெற்கே செல்கின்றன.

கூடுகட்டும் நிலத்துக்கும் குளிர்காலத்தைக் கழிக்கும் நிலத்துக்கும் இடையே பறவைகள் ஆண்டுதோறும் மேற்கொள்ளும் இப்பயணத்துக்கு வலசை என்று பெயர். வலசை செல்லும் சிறு பறவைகளின் மொத்த எண்ணிக்கையை எவரும் எண்ணியதில்லை, எண்ணவும் இயலாது. இயல்வது வேறொன்று. ஒரு மாவட்டத்தில் பெய்த மழை முழுவதையும் எவரும் பிடித்து வைப்பதில்லை என்றாலும், குறித்த இடத்தில் ஒரு மழைமானியை வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்குத் தவறாமல் அளவெடுத்துக்கொண்டே வந்தால், இந்த ஆண்டு மழை கூடியதா குறைந்ததா என்பதை உறுதியாகச் சொல்லிவிட முடிகிறது. பறவைகளுக்கும் அத்தகைய அளவுமானிகள் உண்டு. அவை ஐரோப்பியக் கடற்கரைகளில் இலையுதிர்காலம் முழுவதும் இயங்குகின்றன. வலைகளும் வளையங்களும் அந்த அளவுமானியின் உறுப்புகள் மட்டுமே. அதை அளவுமானியாக ஆக்குவது, ஒரே ஒழுங்கை ஒரு நாளும் பிசகாமல் கடைப்பிடிக்கும் தன்னார்வலர்களின் அன்றாட வாழ்க்கை.

ஓர் ஆசிரியரின் அலுமினிய வளையம்

டென்மார்க்கின் வீபோர்க் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் மோர்டென்சன், 1890இல் துத்தநாக வளையங்களைப் பறவைகளின் காலில் பூட்டிப் பார்த்து, அவை கனமாக இருப்பதைக் கண்டு கைவிட்டார். பின்னர் 1899இல், எண்ணும் முகவரியும் பொறித்த மெல்லிய அலுமினிய வளையங்களை 165 மைனா இனப் பறவைகளுக்கு, அதாவது ஐரோப்பாவில் ஸ்டார்லிங் எனப்படும் பறவைகளுக்கு, அணிவித்துப் பறக்கவிட்டார். ஒரு பறவையைத் தனியொரு பறவையாக அடையாளம் கண்டு பின்தொடர இவ்வளையங்கள் வழிவகுத்தன. பறவையைப் பிடித்து, காலில் எண்ணிட்ட வளையத்தைப் பூட்டி, உடல் அளவுகளைக் குறித்துக்கொண்டு விடுவிக்கும் இம்முறையே வளையமிடுதல் எனப்படுகிறது. ஜெர்மானியரான யோஹன்னஸ் தீனெமன் 1901இல் பால்டிக் கடலோரத்தில் ரோஸிட்டன் என்னும் சிற்றூரில் உலகின் முதல் பறவை ஆய்வு நிலையங்களுள் ஒன்றை நிறுவினார். அவ்வூர் இன்று ரஷ்யாவில் ரிபாச்சி என்னும் பெயரில் இருக்கிறது. வளையமிடும் பணியும் அங்கே தொடர்கிறது.

வளையம் கிடைத்தபின்னும் பறவையைப் பிடிப்பது பெரும்பாடாகவே இருந்தது. 1950களில் ஜப்பானிய முறையிலான மென்வலை ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்ததும் நிலைமை மாறியது. மூடுபனி வலை என்று அழைக்கப்படும் இது, கறுப்பு நைலான் நூலால் மயிரிழை போல் பின்னப்பட்டு, இரண்டு கழிகளுக்கிடையே ஆள் உயரத்துக்கும் சற்று மேலாகக் கட்டப்படுவது. புதர்களின் நிழலில் கட்டினால் மனிதக் கண்ணுக்கே எளிதில் புலப்படாது. வலையின் குறுக்கே நான்கைந்து கயிறுகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்க, ஒவ்வொரு கயிற்றின் கீழும் வலை தொய்ந்து ஒரு பைபோல் தொங்கும். மோதிய பறவை அந்தத் தொய்வில் விழுந்து, அடிபடாமல் படுத்திருக்கும்.

கடலோரத்து முகாம்

போலந்தின் பால்டிக் கரையில் 1960இன் இலையுதிர்காலத்தில் மாணவர்களும் இளம் ஆய்வாளர்களும் தொடங்கிய பணிக்கு ‘பால்டிக் செயற்பாடு’ என்று பெயர். பிஷெமிஸ்வாஃப் புசே என்னும் பறவையியலாளர் இதற்குப் பல பத்தாண்டுகள் வழிகாட்டினார். பின்னாளில் இது க்டான்ஸ்க் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கரை நெடுகிலும் சில முகாம்களை அமைத்து, எல்லா முகாம்களிலும் ஒரே முறையில், ஒரே காலத்தில் பறவைகளைப் பிடிப்பது இதன் அடிப்படைத் திட்டம். ஆகஸ்ட் நடுவில் தொடங்கும் இலையுதிர்ப் பணி நவம்பர் தொடக்கம்வரை, ஒரு நாளும் இடைவிடாமல் நடக்கிறது.

முகாம்கள் கடலோரத்தில் அமைந்திருப்பதற்குக் காரணம் உண்டு. பின்லாந்திலிருந்தும் பால்டிக் நாடுகளிலிருந்தும் ரஷ்யாவின் வடமேற்கிலிருந்தும் தென்மேற்கு நோக்கிப் பறந்துவரும் பறவைகளுள், விடியும் வேளையில் கடலின் மேல் இருக்க நேர்ந்தவை, கண்ணில் படும் முதல் நிலத்தில் இறங்கிவிடுகின்றன. போலந்தின் கரையில் அந்த முதல் நிலம் பல இடங்களில் ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் உப்பங்கழியோ ஏரியோ உள்ள குறுகிய மணல்திட்டாக இருக்கிறது. பைன் மரங்களும் புதர்களும் நாணற்கரைகளும் நிறைந்த அத்திட்டில் இறங்கிய பறவைகள் பகல் முழுவதும் இரைதேடி, அடுத்த பயணத்துக்குத் தேவையான கொழுப்பைச் சேர்க்கின்றன. வலைகள் நிற்பது அந்தப் புதர்களின் ஊடாகத்தான்.

மணிக்கொரு சுற்று

முகாமின் நாள் சூரியனைப் பின்பற்றுகிறது. வடக்கே ஏறத்தாழ 54 பாகை அட்சரேகையில் ஆகஸ்ட் நடுவில் பகல் ஏறக்குறைய 15 மணி நேரம் நீள்கிறது. அக்டோபர் இறுதியில் அது ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரமாகக் குறைந்துவிடுகிறது. முதல் வெளிச்சத்தில் முதல் சுற்று தொடங்கும். அதன்பின் மணிக்கொரு முறை எல்லா வலைகளையும் ஒருவர் சுற்றிவர வேண்டும். இருட்டியபின், எந்தப் பறவையும் வலையில் தங்கிவிடவில்லை என்பதை உறுதிசெய்யும் கடைசிச் சுற்று. வலைகள் பல பத்துக் கணக்கில் இருப்பதாலும், மணலிலும் நாணற்சேற்றிலும் பாதை செல்வதாலும், பறவை ஒன்றும் அகப்படாத சுற்றுக்கே கணிசமான நேரம் பிடிக்கும். ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் கிடைக்கும் நேரத்தில்தான் சமையல், துணி துவைத்தல், விறகு சேகரித்தல், கிழிந்த வலையைத் தைத்தல் எல்லாம் நடந்தாக வேண்டும். முழு மணி அடிக்கும்போது கோப்பையில் தேநீர் பாதி இருந்தாலும் எழுந்து போகத்தான் வேண்டும்.

தங்குவது கூடாரத்தில். செப்டம்பரின் மழையும் அக்டோபரின் கடற்காற்றும் அதை நனைத்துக் குளிர்விப்பதால், காலுறைகளை உலர்த்துவதே முகாம்வாசிகளின் நிரந்தரக் கவலையாகிவிடுகிறது. ஊதியம் இல்லை. பெரும்பாலோர் மாணவர்கள், ஆசிரியர்களும் ஓய்வுபெற்றவர்களும் வேறு நாட்டவரும் உண்டு, ஒரு வாரமோ இரண்டு வாரமோ தங்கி, அடுத்து வருபவரிடம் பணியை ஒப்படைத்துவிட்டுச் செல்வார்கள்.

சுற்றுக்குப் போகிறவர் இடுப்பிலோ கழுத்திலோ பருத்தித் துணிப் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு செல்கிறார். வலையிலிருந்து பறவையை எடுப்பது முகாமில் கற்க வேண்டிய முதல் கலை. பொறுமையற்றவருக்கு அது வராது. பறவை வலையின் எந்தப் பக்கத்திலிருந்து வந்து மோதியது என்பதை முதலில் கண்டறிய வேண்டும். ஏனெனில் வந்த வழியேதான் அதை வெளியே எடுக்க முடியும். பிறகு, விரல்களால் இறுகப் பற்றிக்கொண்டிருக்கும் நூல்களிலிருந்து கால்களை விடுவித்து, சிறகின் வளைவில் சிக்கிய நூலை மெல்ல நழுவச் செய்து, கடைசியாகத் தலையை எடுக்க வேண்டும். நீலப் பட்டாணிக்குருவி தன்னைக் காப்பாற்றுபவரின் நகக்கண்ணைக் கொத்திப் பிடுங்கிக்கொண்டே இருக்கும். 6 கிராம்கூட எடையில்லாத பொன்முடிக் குருவியோ அசையாமல் கிடக்கும், ஆனால் குளிரில் விரைவில் சோர்ந்துவிடும் என்பதால் அதன் பையை மேலாடைக்குள் உடல் வெப்பம் படும்படி வைத்துக்கொண்டு முகாமுக்கு விரைவார்கள். பறவைக்கொரு பை, எந்தச் சுற்றில் எடுத்தது என்பதற்கும் குறிப்பு உண்டு.

மழை வலுத்தால் வலைகள் சுருட்டிக் கட்டப்படுகின்றன. நனைந்த இறகு வெப்பத்தைக் காக்காது என்பதால், மழையில் வலையில் தொங்கும் சிறு பறவை சிறிது நேரத்திலேயே இறந்துபோகக்கூடும். வலைகள் எத்தனை மணி நேரம் மூடியிருந்தன என்பதும் பதிவேட்டில் ஏறுகிறது. பின்னாளில் கணக்குப் பார்ப்பவருக்கு அந்த மணி நேரமும் தேவைப்படும்.

ஒரு ராபின்

இக்கரையில் மிகுதியாக அகப்படும் பறவைகளுள் ஒன்று ராபின். ஆரஞ்சு நிற மார்பும் பெரிய கருவிழிகளும் கொண்ட, ஏறத்தாழ 16 கிராம் எடையுள்ள பறவை. பதிவேட்டில் ஒரு வரியாக அது எப்படி மாறுகிறது என்பதை ஒரு மாதிரியைக் கொண்டு காணலாம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. ஆயினும் முகாம்களில் அன்றாடம் எழுதப்படும் எண்களின் அளவை ஒத்தவை.

செப்டம்பர் மாதக் காலை, 7 மணிச் சுற்று. உரிமம் பெற்ற வளையமிடுபவர் மேசையருகே அமர்ந்திருக்க, எதிரே பதிவாளர் பேனாவுடன் காத்திருக்கிறார். பையிலிருந்து எடுத்த பறவையின் கழுத்து, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே அமர, முதுகு உள்ளங்கையில் பதிய, மற்ற விரல்கள் கூண்டுபோல் வளைந்து அதை இறுக்காமல் சூழ்கின்றன. முதலில் வளையம். 0.05 கிராம் அளவே எடையுள்ள அலுமினியத் துண்டைத் தனி இடுக்கியால் காலைச் சுற்றி மூடி, முனைகள் ஒன்றோடொன்று பொருந்தினவா, வளையம் தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்த்து, எண்ணை உரக்கப் படிக்கிறார்; பதிவாளர் எழுதிவிட்டு, எழுதியதைத் திருப்பிப் படிக்கிறார். ஓர் இலக்கம் பிசகினால் அப்பறவை வேறொரு பறவையாகிவிடும் என்பதால் இந்த ஒப்பீடு ஒருபோதும் விடப்படுவதில்லை.

அடுத்து வயது. ராபினில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் பால் என்னும் கட்டம் காலியாகவே இருக்கும். வயதுக்கு மட்டும் ஒரு தடயம் உண்டு. சிறகின் பெரிய இறகுகளுடைய அடிப்பகுதியை மூடியிருக்கும் குட்டை இறகுகளுக்கு மூடிறகுகள் என்று பெயர். அவ்வாண்டு பிறந்த ராபினில் இம்மூடிறகுகள் சிலவற்றின் நுனியில் மங்கலான மஞ்சள் புள்ளிகள் இருக்கும், முதிர்ந்த பறவையில் பொதுவாக இரா. சிறகை விரித்து ஒளியில் காட்டியபோது புள்ளிகள் தெரிகின்றன: இளம் பறவை. இலையுதிர்காலத்தில் கடலோரத்தில் அகப்படுபவற்றுள் மிகப் பெரும்பாலானவை இப்படிச் சில மாத வயதே ஆனவை. முன்பின் அறியாத தொலைவுக்கு, பெற்றோரின் துணையின்றி, முதல்முறையாகச் செல்பவை.

சிறகை மடித்து அளவுகோலின் மேல் தட்டையாக வைத்து நீளம் பார்க்கப்படுகிறது: 72 மில்லிமீட்டர். அதன்பின், சிறகின் நுனியிலுள்ள நீண்ட இறகுகள் ஒவ்வொன்றும் மிக நீளமான இறகைவிட எத்தனை மில்லிமீட்டர் குட்டையாக இருக்கின்றன என்பதையும் வரிசையாகக் குறிக்கிறார்கள். இவ்வெண் வரிசையைச் சிறகு வாய்ப்பாடு எனலாம். நெடுந்தொலைவு செல்லும் பறவைகளின் சிறகு கூர்ந்தும், குறைந்த தொலைவு செல்பவற்றின் சிறகு மழுங்கியும் இருக்கும் போக்கு உண்டு என்பதால், ஒரே இனத்துக்குள்ளேயே வெவ்வேறு இடங்களிலிருந்து வரும் கூட்டங்களைப் பிரித்தறிய இது துணைசெய்கிறது.

இனி கொழுப்பு. வளையமிடுபவர் பறவையை மல்லாத்திப் பிடித்து வயிற்றின் மேல் மெல்ல ஊதுகிறார். இறகுகள் இருபுறமும் ஒதுங்க, கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய தோலின் கீழே, சிவந்த தசையும் அதன் மேல் படிந்த மஞ்சள் கொழுப்பும் தெளிவாகத் தெரிகின்றன. கொழுப்பு முதலில் கழுத்தடியிலுள்ள கவட்டெலும்பின் குழியிலும், பின் வயிற்றிலும், மேலும் சேர்ந்தால் மார்புத் தசையின் மீதும் படிகிறது. இந்த வரிசையையே படிகளாக்கி 0 முதல் 8 வரை மதிப்பிடும் முறையைப் புசே வகுத்திருக்கிறார். இந்தப் பறவைக்கு 3. இறுதியாக, தலைகீழாக ஒரு சிறு கூம்புக் குழலுக்குள் இட்டு எடை: 16.4 கிராம். சன்னல் திறக்கிறது; பறவை புதருக்குள் போய்விடுகிறது. கைதேர்ந்தவர் ஒருவருக்கு இவை அனைத்துக்கும் ஓரிரு நிமிடம் போதும்.

எடை சொல்வது

மூன்று நாள் கழித்து அதே ராபின், காலை 8 மணிச் சுற்றில் மீண்டும் அகப்படுகிறது. இப்போது கொழுப்பு 5, எடை 18.1 கிராம். 1.7 கிராம் கூடியிருக்கிறது. மனிதக் கணக்கில் சொன்னால் 60 கிலோ எடையுள்ளவர் மூன்று நாளில் 6 கிலோவுக்கு மேல் ஏறியதற்குச் சமம்.

சிறு பறவை பறக்கும்போது மணிக்கு ஏறத்தாழ தன் எடையில் நூறில் ஒரு பங்கை இழக்கிறது என்பது பொதுவான மதிப்பீடு. 18 கிராம் பறவைக்கு அது மணிக்குச் சுமார் 0.18 கிராம். கூடிய 1.7 கிராமைக் கொண்டு ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பறக்கலாம். அதாவது செப்டம்பரின் ஓர் இரவு. காற்று எதிர்க்காமலும் துணைசெய்யாமலும் இருக்க, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்று கொண்டால், அந்த ஓரிரவில் 350 கிலோமீட்டருக்கு மேல் கடக்கும். பால்டிக் கரையிலிருந்து தென் ஸ்பெயின் ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர். எனவே அங்கே குளிர்காலத்தைக் கழிக்கும் ராபின் இத்தகைய ஆறேழு இரவுகளைப் பறக்க வேண்டும்; ஒவ்வோர் இரவுக்கும் முன் எங்காவது ஒரு புதர்க்காட்டில் சில நாள் தங்கி இரையெடுக்கவும் வேண்டும். வலசையில் பறக்கும் நேரத்தைவிடத் தங்கும் நேரமே பன்மடங்கு அதிகம் என்பதும், வழியிலுள்ள ஒரு புதர்க்காடு அழிந்தால் பயணச் சங்கிலியில் ஒரு கண்ணி அறும் என்பதும் இந்த எளிய கணக்கிலிருந்தே புலனாகின்றன.

இங்கே சுற்று நேரத்தின் அருமையும் தெரியும். சிறு பறவை இரவில் இழப்பதைப் பகலில் ஈடுசெய்வதால் மாலையில் காலையைவிடக் கனமாக இருக்கும். முதல் எடை காலையிலும் இரண்டாவது எடை மாலையிலும் எடுக்கப்பட்டு நேரம் குறிக்கப்படாமல் போனால், பறவை கொழுத்ததா, அன்றைய உணவால் மட்டும் கனத்ததா என்று பிரிக்க முடியாது. குளிரில் எழுந்து மணிக்கொரு முறை நடப்பவரின் கால்கள் இந்தப் பிரிப்பைச் சாத்தியமாக்குகின்றன.

எல்லா ராபின்களும் ஸ்பெயினுக்குச் செல்வதில்லை. போலந்துக் கரையில் வளையமிடப்பட்டவை மேற்கு ஐரோப்பாவிலும் ஐபீரியத் தீபகற்பத்திலும் இத்தாலியிலும் பால்கன் பகுதியிலும் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரே புதரில் ஒரே காலையில் இரை பொறுக்கிய இரு பறவைகளுள் ஒன்று தென்மேற்கேயும் மற்றொன்று தென்கிழக்கேயும் செல்லக்கூடும். இதை உடனடியாக அறியப் புசே ஒரு தட்டையான வட்டக் கூண்டை வடிவமைத்தார். அதைச் சுற்றி மெல்லிய ஒளிபுகு தாள் எட்டுப் பகுதிகளாகச் சுற்றப்பட்டிருக்கும். பறவையை உள்ளே விட்டுப் பத்து நிமிடம் கழித்து, அலகும் நகமும் தாளில் எந்தத் திசையில் மிகுதியாகக் குத்தியும் கீறியும் இருக்கின்றன என்று எண்ணுவார்கள். போக விரும்பும் திசையைப் பறவையே தாளில் குறித்துவிடுகிறது.

பூஜ்ஜியமும் எழுதப்பட வேண்டும்

வடக்கே நெடுநாள் மழை பெய்து ஓய்ந்து, வானம் தெளிந்து, காற்றும் பின்னாலிருந்து வீசினால், அடைபட்டிருந்த பறவைகள் யாவும் ஒரே இரவில் புறப்பட்டுவிடுகின்றன. மறுநாள் காலை முதல் சுற்றுக்குப் போனவர் மூன்றாவது வலையிலேயே பைகள் தீர்ந்து உதவிக்கு ஆள் அழைப்பார். இத்தகைய அலை வரும் நாளில் சமையல் நின்றுபோகும்; ஒருவர் எடுக்க, ஒருவர் ஓட, ஒருவர் அளக்க, ஒருவர் எழுத, உச்சிப் பொழுதுவரை எவரும் தலைநிமிர முடியாது. கைகள் போதாமற் போனால் அளவுகளைக் குறைத்து வளையம் மட்டும் இட்டு விடுவிப்பதும், இன்னும் முடியாதபோது வலைகளை மூடுவதும் உண்டு; பறவையின் நலன் கணக்கைவிட முன்னிற்கிறது.

மனவுறுதியைச் சோதிப்பது இதற்கு மாறான நாள்தான். எதிர்க்காற்று நான்கு நாள் வீசுகிறது. ஒவ்வொரு மணிக்கும் அதே மணற்பாதை, அதே வெற்று வலைகள், காற்று கொண்டுவந்து சிக்கவைத்த இலைகளைப் பிடுங்கும் வேலை. ஒரு பறவையும் இல்லாத சுற்றுக்கு எதற்குப் போக வேண்டும் என்று தோன்றுவது இயற்கை. ஆனால் பறவை வரும் என்று தோன்றும் நாட்களில் மட்டும் வலை விரித்தால், சராசரி எப்போதும் உயர்வாகவே தெரியும். பறவைகள் உண்மையில் பாதியாகக் குறைந்தாலும் பதிவேடு அதைக் காட்டாது. வெறுங்கையோடு திரும்பியவர் எழுதும் 0, அலை வந்த நாளில் எழுதப்பட்ட 300க்கு நிகரான தரவு.

இதே காரணத்தால் வலைகளின் எண்ணிக்கையும் நீளமும் இடமும் மாற்றப்படுவதில்லை. ஸ்வீடனின் தென்மேற்கு முனையில் 1955இல் நிறுவப்பட்ட ஃபால்ஸ்டர்போ பறவை ஆய்வகத்தில், கலங்கரை விளக்கைச் சுற்றியுள்ள சிறு தோட்டத்தில் 1980 முதல் ஒரே வரையறையின்படி விடியலுக்கு முன் வலைகள் விரிக்கப்பட்டு அரை மணிக்கொரு முறை பார்க்கப்படுகின்றன. இம்முறைக்கு மாறா முயற்சி என்று பெயரிடலாம்: மனிதரின் முயற்சி மாறாமல் இருந்தால், மாறும் எண்ணிக்கை பறவைகளின் மாற்றத்தையே காட்டும்.

சொல்வதற்கு எளிய இந்த விதி, நடைமுறையில் தாவரங்களால்தான் மிகுதியாகத் தொல்லைப்படுகிறது. வலை மாறாமல் இருந்தாலும் அதன் பின்னுள்ள புதர் மாறுகிறது. இரண்டு மீட்டர் உயரமிருந்த வில்லோப் புதர் 20 ஆண்டில் மரமாகிவிட்டால், முன்பு வலை உயரத்தில் பறந்த கதிர்க்குருவிகள் இப்போது வலைக்கு மேலே இலைகளில் இரைதேடும். பிடிபடும் எண்ணிக்கை குறையும், பறவைகள் குறையாமலேயே. ஆகவே பருவம் தொடங்குமுன் அரிவாளும் இரம்பமும் கொண்டு புதர்களைப் பழைய உயரத்துக்கு வெட்டிவிடுவதும் ஆய்வின் பகுதியே. கடல் கரையை அரித்துச் செல்லும் இடங்களிலோ முகாமையே நகர்த்த நேர்கிறது. அப்போது தரவு வரிசையில் ஒரு முறிவு விழுவதை எவராலும் தவிர்க்க முடிவதில்லை.

ஆட்கள் மாறும்போது

வலைகள் அப்படியே இருக்க, அளப்பவர்கள் வாரந்தோறும் மாறுகிறார்கள் என்பது இம்முறையின் பெரும் இடர். ஒருவர் சிறகை அளவுகோலில் அழுத்தி நீட்டுவார். மற்றொருவர் அழுத்தத் தயங்குவார். ஒரே பறவைக்கு 71 என்றும் 74 என்றும் எண்கள் வரும். ராபின் கூட்டங்களிடையே உள்ள வேறுபாடே ஓரிரு மில்லிமீட்டர்தான் என்னும்போது இந்தப் பிழை ஆய்வையே கெடுத்துவிடும். எனவே புதிதாக வந்தவர் அளந்த பறவையை அனுபவமுள்ளவர், முந்தைய எண்ணைப் பார்க்காமல், மீண்டும் அளக்கிறார். இருவரின் எண்களும் தொடர்ந்து ஒத்துவரும்வரை புதியவரின் அளவுகள் ஏற்கப்படுவதில்லை. தராசை எடைக்கற்களால் சரிபார்ப்பதுபோல இங்கே மனிதர்களின் கைகள் சரிபார்க்கப்படுகின்றன. பட்டம் பெற்ற ஆய்வாளருக்கும் விடுமுறைக்கு வந்த மாணவருக்கும் இதில் வேறுபாடு இல்லை. ஊதியமின்றி உழைக்க வந்தவர், தம் கையில் பிழை உண்டென்று ஏற்று, அதைத் திருத்திக்கொள்ள நாட்கணக்கில் உட்கார்ந்திருப்பது மிகுந்த மதிப்புக்குரியது.

பறவைக்கு நேரும் துன்பம்

பிடிபடுவது பறவைக்கு அச்சம் தரும் நிகழ்வு என்பதில் ஐயமில்லை. வட அமெரிக்காவில் வளையமிடும் 22 அமைப்புகளின் பதிவுகளை, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பிடிப்புகளை, ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. காயம் முதலிய பாதிப்புகள் 0.59 சதவீதம், இறப்பு 0.23 சதவீதம் என்று அது கண்டது. சிறிய எண்தான், ஆனால் ஒவ்வொரு முகாமிலும் அதில் ஒரு பங்கைக் கையில் ஏந்த நேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். வலைகளுக்கிடையே வல்லூறு புகுந்து சிக்கிய குருவியைக் கொன்றுவிட்டால், அடுத்த சுற்றுகள் மணிக்கொன்று என்பதைவிடக் கூடுதலாக்கப்படுகின்றன. பிடிப்பதால் கிடைக்கும் அறிவு பிடிபடும் பறவைக்கு நேரடியாகப் பயன்படாது. அதன் இனத்துக்குப் பயன்படலாம். அந்தப் பயனைக் கொண்டு பிடிப்பதை நியாயப்படுத்தும் பொறுப்பு ஒவ்வோர் அளவையும் சரியாக எழுதுவதில் இருக்கிறது.

நீண்ட வரிசையின் விளைவு

வடகடலிலுள்ள ஜெர்மனியின் ஹெல்கோலாந்து தீவில் 1960 முதல் 2000 வரை ஒரே முறையில் பிடிக்கப்பட்ட பறவைகளின் நாட்குறிப்புகளை ஆராய்ந்தபோது, பல இனங்களின் வசந்தகால வலசை படிப்படியாக முன்னதாகிக்கொண்டே வந்திருப்பதும், அது ஐரோப்பாவின் குளிர்கால வானிலை மாற்றங்களோடு தொடர்புடையது என்பதும் வெளிப்பட்டன. அத்தரவைத் தொகுக்கத் தொடங்கியவர்களுக்குப் புவி வெப்பமாதல் என்னும் கேள்வியே இல்லை. விடை பதிவேட்டில் சேர்ந்துகொண்டே இருந்தது. கேள்வி பின்னால் வந்தது.

ஆப்பிரிக்கச் சஹாராவைக் கடந்து செல்லும் பல இனங்கள் குறைந்து வருவதையும், அருகிலேயே குளிர்காலத்தைக் கழிக்கும் இனங்கள் அவ்வளவாகக் குறையாததையும் ஐரோப்பா நெடுகிலும் உள்ள நீண்டகாலப் பதிவுகள் ஒருமுகமாகக் காட்டுகின்றன. இளம் பறவைகளின் விகிதம் எந்த ஆண்டில் சரிந்தது என்பதிலிருந்து அவ்வாண்டு வடக்கே குஞ்சுகள் எவ்வளவு பிழைத்தன என்பதையும் மதிப்பிட முடிகிறது. செயற்கைக்கோளோடு பேசும் கருவிகள் வந்துவிட்ட காலத்திலும் அலுமினிய வளையம் ஒதுக்கப்படாததற்கு எடைதான் காரணம். பறவையின் மீது ஏற்றும் பொருள் அதன் எடையில் 3 முதல் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பொது நெறி. பொன்முடிக் குருவிக்கு அது 0.3 கிராம்கூட வராது.

கோடியக்கரையில்

தமிழ்நாட்டில் இப்பணிக்குப் பெயர்பெற்ற இடம் கோடியக்கரை. வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் அம்முனையின் சேற்றுத் திடல்களிலும் உப்பளங்களிலும், வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, ஆர்க்டிக் பகுதியில் கூடுகட்டிய கொசு உள்ளான்களும் வளைந்த அலகுள்ள உள்ளான்களும் ஆயிரக்கணக்கில் வந்திறங்குகின்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே பல பத்தாண்டுகளாக வளையமிட்டு வருகிறது. சாலிம் அலி முன்னின்று வளர்த்த இப்பணியில், பறவை பிடிப்பதை மரபுத் தொழிலாகக் கொண்ட பீகாரின் மிர்ஷிகார் சமூகத்தவரின் திறன் பெரும் பங்கு வகித்தது. திறந்த சேற்றுவெளியில் புதர் மறைப்பு இல்லாததால் வலை பெரும்பாலும் இருளில்தான் பயன்படுகிறது. நிலவில்லாத இரவுகளை எதிர்நோக்கி, முழங்கால் நீரில் நின்று பறவையை எடுக்க வேண்டியிருக்கிறது. இங்கும் எடையும் சிறகும் இறகு உதிர்வும் பதிவாகின்றன.

சிறு பறவைகளில் வளையமிட்ட ஆயிரத்தில் ஒரு சிலவே பிறகு எங்காவது கண்டறியப்படுகின்றன என்பதால், ஒவ்வொரு தகவலும் அரியது. இந்திய வளையங்களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்குமாறு ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பொறித்திருக்கும். வெளிநாட்டு வளையமாக இருந்தாலும் அக்கழகத்துக்கே எழுதலாம். வலையில் சிக்கியதாகவோ கரையில் இறந்து ஒதுங்கியதாகவோ வளையமுள்ள பறவையைக் காணும் மீனவரும் உப்பளத் தொழிலாளரும், வளையத்திலுள்ள எழுத்துகளையும் எண்ணையும் ஒன்றுவிடாமல் குறித்து, அல்லது கைப்பேசியில் படமெடுத்து, நாள், ஊர், பறவை இருந்த நிலை ஆகியவற்றோடு அனுப்பினால் போதும். பறவை உயிரோடு இருந்தால் வளையத்தைக் கழற்றாமல் விட்டுவிட வேண்டும். அதே எண்ணை இன்னொருவர் இன்னொரு கரையில் படிக்கக்கூடும்.